நடந்தால் ஒன்று, மிதித்தால் கால்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு 'ஒண்ணேகால்' என்று பெயர். நான் வேலைக்குச் சேரும் முன்பே யாரோ வைத்துவிட்டுப் போன பெயர். அவருடைய வலது கால் இடது காலைவிட நான்கு விரற்கடை குட்டை. ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அந்தக் காலின் வளர்த்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்படி ஒரு பெயரைக் கேட்டால் சிலர் அழுவார்கள், சிலர் செருப்பைக் கழற்றுவார்கள். இவர், "ஒண்ணேகால்னா ஒண்ணைவிடக் கூடத்தானே? கணக்கு தெரிஞ்ச யாரோதான் வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். பெயர் வைத்தவர்களுக்குத்தான் சப்பென்று போனது. முகத்துக்கு நேரே நாங்கள் அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வோம் என்பது அவருக்கும் தெரியும்.

அக்கா தண்ணீர் மீட்டர் அளவெடுப்பவர். வீடு வீடாகப் போய், மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். நான் அதைக் கணினியில் பதிகிறவன். இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்தால் அந்த வீடு செலவழித்த தண்ணீர் வந்துவிடும். அவர் எண் கொண்டுவருவதும் நான் கழிப்பதுமாக எங்கள் இருவரின் பிழைப்பும் ஓடியது.

அலுவலக வாசலிலிருந்து சைக்கிள் கொட்டகைக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியை அவர் கடப்பதைப் பார்த்தால், நடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இரண்டு காலும் ஒழுங்காக இருக்கிறவர்களுக்கும் விளங்கிவிடும். ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு ஒருமுறை தாழ்ந்து ஒருமுறை எழும்பும். தோள் ஒரு பக்கம் போனால் இடுப்பு இன்னொரு பக்கம் போகும். கொட்டகைக்குப் போய் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவ்வளவும் நின்றுபோகும். வலது பெடலின்மேல் அவருடைய கணவர் ஒரு மரக்கட்டையைத் திருகி வைத்திருந்தார். கணவர் பேக்கரியில் மாவு நிறுத்துக் கொடுக்கிறவர். எதையும் கிராம் கணக்கில் பார்க்கிற ஆள். கட்டையை மூன்று முறை இழைத்து, காலின் குறைக்குச் சரியாகக் கொண்டுவந்தாராம். அதன்மேல் காலை வைத்து அக்கா கிளம்பிவிட்டால், யாரோ ஒரு பெண் நிதானமாக சைக்கிளில் போகிறார் என்பதற்குமேல் எவருக்கும் எதுவும் தோன்றாது.

அவருடைய வட்டம் நான்கு நீளமான தெருக்கள். போய்வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். நிழல் கிடையாது என்று எல்லோரும் தட்டிக்கழித்த வட்டத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். காரணம், அங்கே அத்தனை மீட்டர்களும் வெளிச்சுவரில், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தன. சைக்கிளை நடைபாதையை ஒட்டி நிறுத்தி, குட்டைக் காலை ஓரக்கல்லின்மேல் வைத்துக்கொண்டு, இறங்காமலே பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிடலாம். தெருக்காரர்கள் அவரோடு நின்று பேசுவார்கள். மகள் பரீட்சையில் தேறியது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனது, குழாய் ஒழுகுவது எல்லாம் சொல்வார்கள். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அவர்களில் ஒருவர்கூட அவர் நடந்து பார்த்ததில்லை. அந்த நான்கு தெருக்களில் அவர் நொண்டி இல்லை. வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் கிடைக்காத ஒன்று, அங்கே தினமும் ஆறு மணி நேரம் அவருக்குக் கிடைத்தது. இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. நாற்காலி வேலை என்பதால் இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று எரிசக்திமேல் அக்கறை பிறந்தது. எந்த வாகனம் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு எரிசக்தி தின்கிறது என்று ஒவ்வொரு கிளையும் எழுதி அனுப்ப வேண்டும். அதிகமாகத் தின்கிற வாகனத்தை ஒழித்துக்கட்ட வேண்டும். எங்கள் கிளையில் அளவெடுப்பவர்களிடம் இரண்டு ஸ்கூட்டர்களும் ஒரு சைக்கிளும் இருந்தன. அதிகாரியின் கார், அதிகாரியின் கார் என்பதால் படிவத்தில் சேராது.

ஸ்கூட்டருக்கு பெட்ரோல் அளவைப் போட்டேன். கணினி அதைக் கலோரியாக மாற்றி, கிலோமீட்டருக்கு நூற்று அறுபது என்றது. பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் போட்டிருக்குமே, அதே கலோரிதான். சைக்கிளுக்கு எரிபொருள் பூஜ்யம் என்று போட்டேன். 'பூஜ்யம் செல்லாது, சரியான எண்ணை இடவும்' என்று வந்தது. ஒன்று என்று போட்டேன். ஆதாரம் கேட்டது. வெளியே கிளம்பிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, உங்க சைக்கிள் எதுல ஓடுதுன்னு கம்ப்யூட்டர் கேக்குது."

"என்னாலதான் ஓடுது. வேற எதால ஓடும்?"

"அப்ப நீங்க சாப்பிடறதை எழுதிக் குடுங்க. அதைப் போட்டுடறேன்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்பார்கள். நான் அதை அக்காவின் மடியில் விட்டேன்.

கணவர் உற்சாகமாகிவிட்டார். ஒரு வாரம் அக்காவின் தட்டில் விழுந்த ரொட்டி, முட்டை, பருப்பு, பழம் எல்லாவற்றையும் பேக்கரித் தராசில் நிறுத்து, அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினார். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபது கலோரி வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டரால் வகுத்தேன். நூற்று எண்பது. பதிந்தேன், கணினி வாயை மூடிக்கொண்டது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்ற திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. எங்கள் கிளையிலேயே எரிசக்தியை அதிகம் விரயம் செய்யும் வாகனம் சைக்கிள். முப்பது நாளில் அதைத் திரும்பப் பெற்று, அதை ஓட்டும் ஊழியருக்கு ஸ்கூட்டரோ, புகார் பிரிவில் இருக்கையோ தர வேண்டும் என்று இருந்தது. ஸ்கூட்டரை அக்கா முன்பே ஒருமுறை முயன்று பார்த்துவிட்டார். நிறுத்தும்போது பாரம் முழுவதும் குட்டைக் காலின் பக்கம் சாய்ந்து, வண்டி அவர்மேல் விழுந்து, ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். ஆகவே மிச்சம் இருந்தது நாற்காலிதான். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை, தண்ணீர் வராதவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோப்பு எடுக்கவும் எல்லோர் முன்னாலும் எழுந்து நடக்க வேண்டிய நாற்காலி.

அக்கா என் மேசைக்கு வந்தார். படிவத்தை வாங்கி, மீட்டரைப் பார்ப்பதுபோலக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நான் சைக்கிளைத் தொடறதில்ல."

"தெரியும்க்கா."

"அன்னைக்கு நான் என்ன பட்டினியா கிடக்கறேன்?"

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"வீட்டுல சும்மா உக்காந்திருந்தாலும் இந்த உடம்பு ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்? அது முந்தைய அளவு, மீட்டர்ல போன மாச எண் மாதிரி. சைக்கிள் மிதிச்சா அதுக்கு மேல எவ்வளவு ஓடுதோ அதுதான் சைக்கிளோடது. நீங்க முந்தைய அளவைக் கழிக்கவே இல்லையே!"

பதினோரு வருடமாகக் கழித்தலைத் தவிர வேறெதுவும் செய்யாதவன் நான். காது சூடாகிவிட்டது. அக்கா அதோடு விடவில்லை.

"சரி, ஸ்கூட்டர்ல போறவங்க ரெண்டு பேரும் மத்தியானம் டப்பாவைத் திறந்து என்ன, பெட்ரோலா குடிக்கிறாங்க? அவங்க சாப்பிட்டா அது சாப்பாடு, நான் சாப்பிட்டா எரிபொருளா?"

பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்கூட்டர்காரர் தன் டப்பாவைச் சத்தமில்லாமல் மூடினார்.

அதிகாரியிடம் போனோம். அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அனுப்பிய எண் அனுப்பியதுதான் என்றார். அக்கா ஒற்றைக் காலில் நின்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தப் பிடிவாதத்துக்கு வேறு சொல் எனக்கு வாய்க்கவில்லை. "வீட்டுக்காரங்க மீட்டர் தப்பா ஓடுதுன்னா மறு அளவீடு கேட்டு எழுதறாங்கல்ல? அதே படிவத்துல நானும் எழுதறேன். வாங்கிக்க மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுப்பது என்றால் அதிகாரிக்கு வேப்பங்காய். படிவத்தை வாங்கி மேலே அனுப்பிவிட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இளைஞர், நிதானமாகப் பேசுகிறவர். சாப்பாட்டை வைத்து இதைக் கணக்கிடவே முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மனிதர்கள் பசிக்கும் சாப்பிடுவார்கள், பொழுது போகாமலும் சாப்பிடுவார்கள். நாடித்துடிப்பை எண்ணும் ஒரு பட்டையை அக்காவின் கையில் கட்டினார். துடிப்பைக் கொண்டு உடம்பு எரிக்கும் சக்தியை ஓரளவு கணித்துவிடலாமாம். ஒரு நாள் சும்மா உட்கார வைத்தார். மறுநாள் வட்டத்துக்கு சைக்கிளில் அனுப்பினார். இரண்டாம் நாள் அளவிலிருந்து முதல் நாள் அளவைக் கழித்தார். கிலோமீட்டருக்கு இருபது கலோரி.

நூற்று எண்பது எங்கே, இருபது எங்கே. அக்கா சின்னப் பெண் மாதிரி கைதட்டினார். நானும் தட்டினேன். பொறியாளர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா. உத்தரவை ரத்து பண்ணணும்னா ஒப்பீடு வேணும். அதே ஆள், அதே தெரு, அதே வேலை. ஆனா வண்டி இல்லாம."

"வண்டி இல்லாமன்னா?"

"நடக்கணும். மூணு கிலோமீட்டர் போதும்."

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "இங்கயே ஆபீசைச் சுத்தி நடக்கறேனே. எத்தனை சுத்து வேணும்னாலும் நடக்கறேன்" என்றார்.

"அதே தெருன்னு விதியில இருக்கும்மா."

"அப்ப ஆளுங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, விடியறப்பவே போயிட்டு வந்துடறேன்."

"வேலை நேரம்னும் இருக்கு. கால் வலிக்கும்னா சொல்லுங்க, இதோட நிறுத்திக்கலாம். ஆனா ஒப்பீடு இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வலிக்குப் பயப்படுகிறார் என்று பொறியாளர் நினைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா எதற்குப் பயப்படுகிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நடந்தால் தெரு பார்த்துவிடும். நடக்காவிட்டால் தெருவே இல்லை. அன்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, "தம்பி, நீங்களும் கூட வாங்க" என்றார்.

ஒன்பதரை மணிக்கு மூன்று பேரும் முதல் தெருவில் இறங்கினோம். அக்கா நடுவில், நாங்கள் இருபுறமும். முதல் மூன்று வீடுகளில் வெளியே யாரும் இல்லை. நான்காவது வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டு, குழாயைக் கீழே போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடிவந்தார்.

"ஐயையோ, என்னம்மா ஆச்சு? சைக்கிள்ல இருந்து விழுந்துட்டீங்களா?"

தட்டில் வைத்து நீட்டியதுபோல ஒரு பதில் கிடைத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெருவுக்கு அது ஒரு மாதத்தில் ஆறிப்போகிற காயமாகிவிடும். ஆனால் பக்கத்தில் பொறியாளர் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். சைக்கிளைக் காப்பாற்ற வந்தவர், சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று எப்படிச் சொல்வார்? பேசாமல் ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்றுதான் எனக்கு இருந்தது.

"இல்லீங்க. அஞ்சு வயசுலேருந்து இப்படித்தான்."

"இருபது வருஷமா வர்றீங்களே, நான் பாத்ததே இல்லையே!"

"பாக்கற மாதிரி நான் வந்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மீட்டர் பெட்டியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு எங்களைவிடச் செய்தி வேகமாகப் போனது. இரண்டாவது தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மூன்றாவது தெரு முனையில் தையற்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டார். அக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் துடிப்பு குறைந்து அளவு கெட்டுவிடும் என்றார். நாற்பது வீடுகள் முடிந்தபோது அவருடைய ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பொறியாளர் முடிவைச் சொன்னார். சாதாரணமாக ஒருவர் நடந்தால் கிலோமீட்டருக்கு நாற்பது, ஐம்பது கலோரி ஆகுமாம். அக்காவுக்கு எண்பது. நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் நம்மை நாமே தூக்கித் தூக்கி இறக்குகிறோம். கால் சமமாக இல்லாவிட்டால் தூக்குவதும் கூடுதல், இறக்குவதும் கூடுதல். சைக்கிளில் உடம்பை இருக்கை தாங்கிக்கொள்கிறது, கால்கள் தள்ளுவதோடு சரி. ஆள் நிறைந்த பேருந்தில்கூடத் தலைக்கு ஐம்பது ஆகிறது, காரில் ஒற்றை ஆள் போனால் ஐந்நூறைத் தாண்டுகிறது என்றபோது அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சுருக்கமா சொன்னா, இவங்களுக்கு நடந்தா ஒண்ணு, மிதிச்சா கால். இதைவிடச் சிக்கனமான வண்டி உங்க கிளையில மட்டுமில்ல, எங்கயுமே கிடையாது" என்று முடித்தார் பொறியாளர்.

'ஒண்ணேகால்' என்ற பெயர் அவருக்குத் தெரியாது. அக்காதான் முதலில் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

உத்தரவு ரத்தாகி, சைக்கிள் கொட்டகையிலேயே தங்கியது. அடுத்த மாதம் முதல் தேதி அக்கா வட்டத்துக்குக் கிளம்பினார். வழக்கமாக மூன்று மணிக்கு மேல் திரும்புகிறவர், அன்று பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். அன்று எடுக்க வேண்டிய நூற்று அறுபது வீட்டு எண்களும் இருந்தன. ஆனால் பாதிக்கு மேல் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து.

"எல்லாரும் அவங்களே பாத்து எழுதி வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க தம்பி. 'நீங்க ஏம்மா சிரமப்படணும்'ங்கறாங்க."

"நல்லதுதானேக்கா. வேலை சீக்கிரம் முடிஞ்சிடுதே."

"நல்ல மனசுலதான் செய்யறாங்க. நான் குறை சொல்லல." சீட்டுகளை வீட்டு வரிசைப்படி அடுக்கினார். "முன்னெல்லாம் மாப்பிள்ளை கதை, மருமக கதை எல்லாம் சொல்லுவாங்க. இன்னைக்கு ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல. எல்லாரும் குனிஞ்சு பெடலைத்தான் பாத்தாங்க."

ஒரு கழித்தலை ஒழுங்காகச் செய்திருந்தால் இவர் அந்தத் தெருவில் நடந்திருக்கவே வேண்டாம். என்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் சீட்டுகளைப் பதியத் தொடங்கினேன். அக்கா போகவில்லை.

"வேற வட்டம் ஏதாவது காலியா இருக்கா?"

பட்டியலைப் பார்த்தேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒன்று ஆறு மாதமாக ஆளில்லாமல் கிடந்தது. போய்வரப் பதினெட்டு கிலோமீட்டர், வழியில் ஒரு மேடு வேறு. ஸ்கூட்டர்காரர்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வட்டம். அதைச் சொன்னேன்.

"மீட்டரெல்லாம் வெளியிலயா?"

"வெளியிலதான்."

"அந்தப் பக்கம் என்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா."

"அப்ப அதுக்கு எழுதுங்க தம்பி" என்றார்.